மேற்கோள் எண்ணிக்கையை வைத்து ஆய்வை எடை போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வு மாணவர்கள், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பேராசிரியர்கள், தேர்வுக் குழுக்களில் உட்காருகிறவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மேற்கோள் எண்ணிக்கை, அதாவது ஒரு கட்டுரையைப் பிற கட்டுரைகள் எத்தனை முறை குறிப்பிட்டன என்ற எண், எதைத் திறந்து படிக்க வேண்டும் என்று காட்டும், படிக்கிற வேலையை நாம்தான் செய்யவேண்டும்.

மேற்கோள் பகுப்பாய்வு என்றால் சரியாக என்ன?

ஒரு ஆய்வுக் கட்டுரையின் கடைசியில் துணைநூற்பட்டியல் இருக்கும் இல்லையா, அதைப் பார்த்தால் அந்தக் கட்டுரை யாரிடமிருந்தெல்லாம் எடுத்துக்கொண்டது என்று தெரியும். அதையே திருப்பிப் போட்டு, இந்தக் கட்டுரை வெளிவந்த பிறகு யாரெல்லாம் இதைக் குறிப்பிட்டார்கள் என்று தேடுவதில்தான் மேற்கோள் பகுப்பாய்வு தொடங்குகிறது. அப்படிக் கிடைக்கிற தொடர்புகளை எண்ணலாம், வலைப்பின்னலாக வரையலாம், எந்த ஆய்விதழ் எந்த ஆய்விதழை நம்பி இருக்கிறது என்று பார்க்கலாம், எந்தெந்தக் கட்டுரைகளை எல்லோரும் சேர்த்தே குறிப்பிடுகிறார்கள் என்று கவனித்து ஒரு துறைக்குள் இருக்கும் சிறு குழுக்களைக் கண்டுபிடிக்கலாம். ஆளை மதிப்பிடுவது இதன் பயன்களில் ஒன்று மட்டும்தான், ஆனால் இன்று அந்த ஒன்றைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள்.

இதை யார் ஆரம்பித்தது?

நூலகத்துக்கு இதழ் வாங்குகிற பிரச்சினையிலிருந்து வந்தது. 1927இல் கிராஸ் என்ற ஒரே குடும்பப்பெயர் கொண்ட இரண்டு பேர், அமெரிக்க வேதியியல் கழகத்தின் ஆய்விதழில் முந்தைய ஆண்டு வந்த கட்டுரைகளை எடுத்து, அவை எந்தெந்த இதழ்களைக் குறிப்பிடுகின்றன என்று எண்ணிப் பட்டியல் போட்டார்கள். ஒரு கல்லூரி நூலகம் கையில் இருக்கும் பணத்துக்கு எந்த வேதியியல் இதழ்களை வாங்கினால் மாணவர்களுக்குப் பயன்படும் என்பதுதான் அவர்கள் கேள்வி.

பிறகு யூஜீன் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கத் தகவலியல் அறிஞர் வருகிறார். 1955இல் 'சயின்ஸ்' இதழில் அறிவியலுக்கு ஒரு மேற்கோள் அடைவு வேண்டும் என்று எழுதினார், 1964இல் 'சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' என்ற பெயரில் அதைக் கொண்டுவந்தும் விட்டார். அவருக்கு முன்மாதிரி சட்டத்துறை. அமெரிக்க வழக்கறிஞர்கள் 1873 முதலே 'ஷெப்பர்ட்ஸ்' என்ற அடைவைப் புரட்டி, ஒரு தீர்ப்பைப் பிற்காலத்து நீதிமன்றங்கள் எங்கெல்லாம் எடுத்தாண்டன என்று பார்த்து வந்தார்கள். இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஷெப்பர்ட்ஸில் அந்தத் தீர்ப்பு ஏற்கப்பட்டதா, விலக்கப்பட்டதா, ரத்தானதா என்று குறியீடு போட்டுச் சொல்லியிருப்பார்கள். அறிவியல் அடைவில் அந்தக் குறியீடு இல்லை, குறிப்பிட்டார்கள் என்பது மட்டும்தான் பதிவானது. இன்றுவரை நாம் படும் பாட்டில் பாதி அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

இம்பாக்ட் ஃபேக்டரை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

ஒரு ஆய்விதழின் அண்மைக் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் பெறுகின்றன என்று காட்டும் எண் இது, வகுத்தல் கணக்குதான். ஒரு ஆய்விதழ் 2022லும் 2023லும் சேர்த்து 100 கட்டுரைகள் வெளியிட்டது, அந்த இரண்டு ஆண்டு வெளியீடுகளை 2024இல் வந்த கட்டுரைகள் மொத்தம் 250 முறை குறிப்பிட்டன என்றால் அதன் 2024ஆம் ஆண்டு இம்பாக்ட் ஃபேக்டர் 2.5. இப்போது இதை வெளியிடுவது கிளாரிவேட் நிறுவனம், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற தன் மேற்கோள் தரவுத்தளத்தை வைத்து.

கேட்க எளிமையாக இருக்கிறது, ஆனால் வகுக்கிற எண்ணில் ஆய்வுக் கட்டுரைகளும் தொகுப்புக் கட்டுரைகளும் (ஒரு தலைப்பில் ஏற்கனவே வந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்பவை) மட்டும்தான் சேரும், தலையங்கம், ஆசிரியருக்குக் கடிதம், செய்திக் குறிப்பு எல்லாம் அதில் வராது. மேலே உள்ள எண்ணிலோ அந்தத் தலையங்கத்துக்கும் கடிதத்துக்கும் கிடைத்த மேற்கோள்களும் சேர்ந்துவிடும். ஆக, கணக்கில் வராத பக்கங்களை நிறைய வைத்திருக்கும் பெரிய இதழ்களுக்கு இது சாதகம். தொகுப்புக் கட்டுரைகளை அதிகம் போடும் இதழுக்கும் எண் ஏறும், ஏனென்றால் பின்னணி எழுதும்போது பத்து மூலக் கட்டுரைகளுக்குப் பதிலாக ஒரு தொகுப்பைக் குறிப்பிட்டுவிட்டுப் போவது எல்லோருக்கும் வசதி. இரண்டு ஆண்டு என்ற கால அளவும் எல்லோருக்கும் ஒத்து வராது. மூலக்கூற்று உயிரியலில் இரண்டு ஆண்டுக்குள் ஒரு கட்டுரை பழசாகிவிடலாம், கணிதத்தில் அதற்குள் பலர் அதைப் படித்தே முடித்திருக்கமாட்டார்கள்.

பல ஆண்டுகள் இந்த எண்ணை மூன்று தசம இடம் வரை போட்டுவந்தார்கள். 2023இல்தான் ஒரே இடமாகக் குறைத்தார்கள். 3.214 பெரிதா 3.198 பெரிதா என்று வேலைவாய்ப்புக் கூட்டங்களில் பேசிக்கொண்டிருந்தவர்களை நினைத்தால், இது எப்போதோ செய்திருக்க வேண்டிய காரியம்.

இம்பாக்ட் ஃபேக்டர் அதிகமுள்ள இதழில் வந்தால் அது நல்ல கட்டுரைதானே?

இல்லை. அந்த எண் இதழின் சராசரி, உங்கள் கட்டுரையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. மேற்கோள்கள் எல்லாக் கட்டுரைகளுக்கும் சமமாகப் போய்ச் சேருவதில்லை, ஒரு சிலதுக்குக் கொட்டும், மற்றவை காய்ந்து கிடக்கும். 'நேச்சர்' இதழே 2005இல் ஒரு தலையங்கத்தில் தன் கணக்கை வெளியே வைத்தது: அதன் மேற்கோள்களில் 89 சதவீதத்தை அதன் கட்டுரைகளில் 25 சதவீதம் மட்டுமே கொண்டுவந்தது.

இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமானால் படிகவியல் துறையின் 'ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா' ஏ பிரிவைப் பாருங்கள். 2008இல் அதன் இம்பாக்ட் ஃபேக்டர் 2.051. அடுத்த ஆண்டு 49.926. நேச்சரையும் சயின்ஸையும் தாண்டிவிட்டது. படிகவியலில் திடீரென்று புரட்சி எதுவும் நடக்கவில்லை. ஜார்ஜ் ஷெல்ட்ரிக் என்ற அறிஞர், படிக அமைப்பைக் கண்டறிய உலகம் முழுக்கப் பயன்படும் தன் 'ஷெல்எக்ஸ்' மென்பொருளின் வரலாற்றை 2008இல் அந்த இதழில் எழுதினார், மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் பொதுவான மேற்கோளாக இந்தக் கட்டுரையையே காட்டலாம் என்றும் அதில் சொல்லிவைத்தார். எல்லோரும் காட்டினார்கள், 6,600 முறைக்கு மேல். அந்த ஆண்டு அதே இதழில் வந்து மேற்கோளில் இரண்டாவது இடம் பிடித்த கட்டுரைக்குக் கிடைத்தது 28. இரண்டு ஆண்டு கழித்து, கணக்கு எல்லையிலிருந்து அந்தக் கட்டுரை விலகியதும் எண் பழையபடி 2க்கு இறங்கிவிட்டது. அந்த இடைப்பட்ட காலத்தில் அங்கே கட்டுரை போட்ட ஒருவர், 50 இம்பாக்ட் ஃபேக்டர் இதழில் எழுதியவன் என்று விண்ணப்பத்தில் போட்டால் அதில் பொய் எதுவும் இல்லை, அவர் ஆய்வைப் பற்றிய தகவலும் எதுவும் இல்லை.

அப்படியென்றால் கட்டுரைக்குக் கிடைத்த மேற்கோளையே நேரடியாக எண்ணினால் சரியாகிவிடும்தானே?

இதழின் எண்ணை விட இது எவ்வளவோ மேல். ஆனால் எத்தனை பேர் என்பதோடு நிறுத்திக்கொண்டால் மாட்டிக்கொள்வீர்கள். 1980இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஆசிரியருக்கு ஒரு கடிதம் வந்தது. ஐந்தே வாக்கியம். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்று, போதைத்தன்மையுள்ள வலிநிவாரணி குறைந்தது ஒரு முறையாவது கொடுக்கப்பட்ட 11,882 நோயாளிகளின் பதிவுகளில் அடிமையானதாகத் தெளிவாகத் தெரிந்தவர்கள் நான்கு பேர்தான் என்று அது சொன்னது. அவ்வளவுதான். வீட்டுக்கு எடுத்துப்போய் மாதக்கணக்கில் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று அந்தக் கடிதம் பார்க்கவே இல்லை.

2017இல் அதே இதழில் வந்த ஒரு ஆய்வு, அந்தக் கடிதத்தைக் குறிப்பிட்ட 608 வெளியீடுகளையும் எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தது. அவற்றில் 72 சதவீதம், இந்த மருந்துகளுக்கு அடிமையாவது அரிது என்பதற்கு ஆதாரமாகக் கடிதத்தைக் காட்டின. 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவை, அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்ற விவரத்தையே சொல்லவில்லை. அமெரிக்காவில் அந்த மருந்துகளால் எத்தனை உயிர்கள் போயின என்பது உலகத்துக்கே தெரியும், அந்த மருந்துகளை மருத்துவர்கள் தயக்கமில்லாமல் எழுதிக்கொடுக்கத் துணிந்ததில் இந்த மேற்கோள்களுக்கும் பங்கு உண்டு என்று அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள். வெறும் எண்ணிக்கையாகப் பார்த்தால் 608 மேற்கோள் பெற்ற ஐந்து வரிக் கடிதம் பெரும் வெற்றி. 608ஐயும் திறந்து படித்தவர்களால்தான் உண்மை வெளியே வந்தது, அதுவும் மேற்கோள் பகுப்பாய்வுதான், நான் மதிக்கிற வகை.

திட்டிக் குறிப்பிட்டாலும் மேற்கோள் கணக்கில் சேருமா?

சேரும். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு 1998இல் 'லான்செட்' இதழில் 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்ட கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது. அதை மறுத்து எழுதியவர்கள் ஏராளம், அந்த மறுப்புகள் எல்லாமே அதன் மேற்கோள் எண்ணிக்கையை ஏற்றித்தான் விட்டிருக்கின்றன.

ஹெச்-இண்டெக்ஸ் என்றால் என்ன, எவ்வளவு இருந்தால் நல்லது?

இயற்பியலாளர் ஹோர்கே ஹிர்ஷ் 2005இல் கொண்டுவந்த அளவு. உங்கள் கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி பெரியதிலிருந்து வரிசையாக அடுக்குங்கள். வரிசை எண்ணுக்குச் சமமாகவோ அதிகமாகவோ மேற்கோள் இருக்கும் கடைசிக் கட்டுரை எதுவோ, அதன் வரிசை எண்தான் உங்கள் ஹெச்.

ஒருவரின் கட்டுரைகளுக்கு 90, 40, 12, 6, 5, 2 என்று மேற்கோள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவதுக்கு 5 இருக்கிறது, ஆறாவதுக்கு 2தான், ஆக ஹெச் 5. இன்னொருவருக்கு 6, 5, 5, 5, 5. அவருக்கும் ஹெச் 5. முதல் ஆளின் 90 எங்கே போனது? அது 9000 ஆக இருந்தாலும் ஹெச் மாறாது. ஒரே ஒரு பெரிய கண்டுபிடிப்பைச் செய்துவிட்டு அமைதியாக இருப்பவரை இந்த எண்ணால் பார்க்கவே முடியாது. இயற்பியலாளர் பீட்டர் ஹிக்ஸ் 1964இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைகளுக்குப் பிறகு பத்துக்கும் குறைவாகத்தான் வெளியிட்டார், இன்றைய சூழலில் தனக்குப் பல்கலைக்கழக வேலையே கிடைத்திருக்காது என்று 2013இல், நோபல் பரிசு வாங்கிய ஆண்டிலேயே சொன்னார்.

அப்புறம், ஹெச் இறங்கவே இறங்காது, வயதோடு ஏறிக்கொண்டே போகும், ஓய்வு பெற்ற பிறகும் ஏறும். முப்பது வயதுக்காரரையும் அறுபது வயதுக்காரரையும் இதை வைத்து ஒப்பிடுவது அநியாயம். நூறு பேர் சேர்ந்து எழுதிய கட்டுரையில் எழுபதாவது பெயராக இருந்தாலும் தனியாக எழுதியவருக்குக் கிடைக்கும் அதே மதிப்பு கிடைக்கும். எவ்வளவு இருந்தால் நல்லது என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது, யாராவது ஒரு எண்ணைச் சொன்னால் எந்தத் துறை, எத்தனை ஆண்டு அனுபவம் என்று திருப்பிக் கேளுங்கள்.

கூகுள் ஸ்காலர் ஒரு எண் காட்டுகிறது, ஸ்கோபஸ் வேறு காட்டுகிறது. எது சரி?

இரண்டும் சரிதான், தேடுகிற இடம் வேறு. வெப் ஆஃப் சயின்ஸ், ஸ்கோபஸ் என்ற சந்தாத் தரவுத்தளங்கள் இரண்டும் தேர்ந்தெடுத்த இதழ்களை மட்டும் அடைவு செய்கின்றன, கூகுள் ஸ்காலர் இணையத்தில் கண்ணில் பட்ட ஆய்வேடு, முன்பதிப்பு (இதழில் வருமுன் இணையத்தில் போடும் வரைவு), மாநாட்டுக் கட்டுரை, புத்தகம் எல்லாவற்றையும் அள்ளுகிறது. அதனால் பெரும்பாலும் ஸ்காலரில்தான் எண் பெரிதாக இருக்கும், குப்பையும் இரட்டைப் பதிவும் கூடவே வரும். ஒரே பெயர் கொண்ட இன்னொருவரின் கட்டுரைகள் உங்கள் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்வதும் நடக்கும், அவ்வப்போது போய்ப் பார்த்து நீக்கிவிடுங்கள். சந்தா கட்ட முடியாதவர்களுக்கு 2022இல் தொடங்கிய ஓபன்அலெக்ஸ் தரவுத்தளம் இலவசமாகக் கிடைக்கிறது, தரவை இறக்கி நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இரண்டு துறைக்காரர்களை எப்படி ஒப்பிடுவது?

சீர்செய்யாத வெறும் எண்ணை வைத்து ஒப்பிடவே கூடாது. உயிரணு உயிரியல் கட்டுரை ஒன்றின் துணைநூற்பட்டியல் நீளமாக இருக்கும், கணிதக் கட்டுரைக்குக் குட்டையாக இருக்கும், துறையில் ஆள் எண்ணிக்கையும் வேறு. கொடுக்கிற மேற்கோளே குறைவாக இருக்கிற இடத்தில் எல்லோருடைய எண்ணும் சிறியதாகத்தான் இருக்கும். இதற்காகத் துறை வாரியாகச் சீர்செய்த அளவுகள் வந்திருக்கின்றன: அதே துறை, அதே ஆண்டு, அதே வகைக் கட்டுரைகளின் உலகச் சராசரியை 1 என்று வைத்து உங்கள் கட்டுரைக்கு எவ்வளவு என்று சொல்லும். 1.5 என்றால் சராசரியைவிட ஒன்றரை மடங்கு. அதைவிட எனக்குப் பிடித்தது சதமான வரிசை, அதாவது தன் துறையில் மேற்கோள் பெற்ற முதல் 10 சதவீதக் கட்டுரைகளுக்குள் இது வருகிறதா என்று பார்ப்பது. ஷெல்எக்ஸ் மாதிரி ஒரே ஒரு கட்டுரை சராசரியைத் தூக்கிவிடும் சிக்கல் அதில் இல்லை.

சைட்ஸ்கோர், எஸ்ஜேஆர், ஐகன்ஃபேக்டர்... இதெல்லாம் எதற்கு?

எல்லாம் இதழ்களுக்கான அளவுகள். சைட்ஸ்கோர் ஸ்கோபஸ் தரவில் நான்கு ஆண்டைப் பார்க்கிறது. எஸ்ஜேஆரும் ஐகன்ஃபேக்டரும் யார் குறிப்பிட்டார்கள் என்பதற்கும் எடை கொடுக்கின்றன, செல்வாக்குள்ள இதழிலிருந்து வரும் மேற்கோளுக்கு மதிப்பு கூடுதல். இதழ்களை ஒப்பிட வேண்டிய நூலகருக்கு இவை உதவும். உங்களை மதிப்பிட இவற்றில் எதுவும் உதவாது.

சுயமேற்கோள் தப்பா?

முந்தைய வேலையின் தொடர்ச்சியாக ஒன்றை எழுதும்போது பழைய கட்டுரையைக் குறிப்பிடாமல் விட்டால்தான் தப்பு. சந்தேகம் எப்போது வரவேண்டும் என்றால், அந்தப் பத்தியில் அந்த மேற்கோளை எடுத்துவிட்டுப் படித்தாலும் எதுவும் குறையவில்லை, அப்படிப்பட்டவை வரிசையாக எட்டு பத்து இருக்கின்றன என்னும்போது.

என் கட்டுரையை ஏற்றுக்கொள்ள, எங்கள் இதழிலிருந்து சில கட்டுரைகளை மேற்கோளாகச் சேருங்கள் என்று இதழாசிரியர் கேட்கிறார். என்ன செய்வது?

எந்தக் கட்டுரை, எதற்காக என்று குறிப்பாகச் சொல்லி, அது உங்கள் வாதத்துக்கு உண்மையிலேயே தேவையாக இருந்தால் நன்றி சொல்லிச் சேருங்கள். கடந்த இரண்டு ஆண்டில் எங்கள் இதழில் வந்ததைச் சேருங்கள் என்று மொட்டையாகக் கேட்டால் அது இம்பாக்ட் ஃபேக்டரை ஏற்றும் வேலை. இந்த வற்புறுத்தல் பரவலாக நடக்கிறது என்று 2012இலேயே 'சயின்ஸ்' இதழில் ஆய்வு வந்துவிட்டது, இளையவர்களிடம்தான் அதிகம் கேட்கிறார்கள் என்றும் அது காட்டியது. கேட்பவர் உங்கள் கட்டுரையை மதிப்பாய்வு செய்கிறவராக இருந்து, அவருடைய சொந்தக் கட்டுரைகளாகவே பட்டியல் நீண்டால், இதழின் தலைமை ஆசிரியருக்கு எழுதுங்கள். பதிலில் "பரிந்துரைத்தவற்றைப் படித்தேன், இந்த இரண்டு பொருந்துகின்றன, மற்றவை இந்தக் கேள்வியைத் தொடவில்லை" என்று நாகரிகமாக எழுதினால் போதும், நியாயமான ஆசிரியர்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

தனி ஆள் மட்டும் இல்லை, இதழ்களே கூட்டு சேர்ந்து ஒன்றையொன்று குறிப்பிட்டுக்கொள்வதும் உண்டு. 2013இல் நான்கு பிரேசில் மருத்துவ இதழ்கள் இப்படி மாட்டி, ஓராண்டுக்கு இம்பாக்ட் ஃபேக்டரை இழந்தன. எண்ணுக்குப் பதவியும் பணமும் கட்டிவைத்திருக்கும் வரை இது நிற்காது என்பதுதான் என் எண்ணம், பிடிப்பதற்கு எத்தனை பேரைப் போட்டாலும்.

மேற்கோளே வராத கட்டுரை வீணா?

மெண்டல் பட்டாணிச் செடிகளைப் பற்றி 1866இல் வெளியிட்டதை 1900 வரை ஏறக்குறைய யாரும் கண்டுகொள்ளவில்லை. இப்படி நெடுங்காலம் கிடந்து பிறகு எழுந்திருக்கும் கட்டுரைகளை இந்தத் துறையில் 'தூங்கும் அழகிகள்' என்றே அழைக்கிறார்கள். மருத்துவர் படித்துச் சிகிச்சையை மாற்றிக்கொள்வார், பொறியாளர் வடிவமைப்பைத் திருத்துவார், ஆசிரியர் வகுப்பில் சொல்வார், இவர்கள் யாரும் ஆய்வுக் கட்டுரை எழுதப்போவதில்லை, அதனால் மேற்கோள் வராது. எல்லோருக்கும் தெரிந்ததாகிவிட்ட கண்டுபிடிப்புக்கும் யாரும் மேற்கோள் போடுவதில்லை.

ஆங்கிலத்தில் எழுதாதவர்களின் நிலை?

மோசம்தான். பெரிய தரவுத்தளங்கள் ஆங்கில இதழ்களுக்குச் சாய்ந்தவை, வரலாறு, இலக்கியம், சட்டம் போன்ற துறைகளில் முக்கியமான வேலை புத்தகமாக வருகிறது, அதை அவை சரியாகப் பிடிப்பதில்லை. அந்த ஆய்வாளருக்கு எண் சிறியதாக இருப்பது தரவுத்தளத்தின் ஓட்டை. ஆய்வை அளக்கும் எண்களை எப்படிப் பயன்படுத்துவது என்று 2015இல் வெளிவந்த லெய்டன் அறிக்கையின் பத்துக் கோட்பாடுகளில் ஒன்று, அந்தந்தப் பகுதிக்குத் தேவையான ஆய்வைப் பாதுகாக்க வேண்டும் என்பது. ஆய்வு மதிப்பீடு பற்றி 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான டோரா பிரகடனமோ, இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை வைத்துத் தனி ஆய்வாளரை மதிப்பிடாதீர்கள் என்று நேராகவே சொல்கிறது. உங்கள் நிறுவனம் கையெழுத்திட்டிருக்கிறதா என்று பாருங்கள், இட்டிருந்தால் அடுத்த குழுக் கூட்டத்தில் அதை எடுத்து மேசை மேல் வைக்கலாம்.

ஒரு இதழ் மின்னஞ்சலில் தன் இம்பாக்ட் ஃபேக்டர் 7.8 என்கிறது. நம்பலாமா?

கிளாரிவேட்டின் 'ஜர்னல் சைட்டேஷன் ரிப்போர்ட்ஸ்' பட்டியலில் அந்த இதழ் இருக்கிறதா என்று தேடுங்கள், பெயரை வைத்து மட்டும் தேடாமல் ஐஎஸ்எஸ்என் என்ற, ஒவ்வொரு இதழுக்கும் உரிய தனி அடையாள எண்ணையும் ஒப்பிடுங்கள், நல்ல இதழின் பெயரைத் திருடிப் போலித் தளம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். 'குளோபல்', 'யுனிவர்சல்' என்று முன்னால் ஒட்டிய இம்பாக்ட் ஃபேக்டராக இருந்தால் பெரும்பாலும் காசுக்கு விற்கிற எண்.

தேர்வுக் குழுவில் இருக்கிறேன், நூறு விண்ணப்பம், எல்லாக் கட்டுரையையும் எப்படிப் படிப்பது?

எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். ஒவ்வொருவரையும் தங்கள் சிறந்த மூன்று வேலைகளைத் தாங்களே தேர்ந்தெடுத்து, அதில் தங்கள் பங்கு என்ன என்று நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். முதல் சுற்றை அதை வைத்து முடியுங்கள். கடைசிக்கு வரும் பத்துப் பேருக்கு, கட்டுரையைப் படியுங்கள், பிறகு அதைக் குறிப்பிட்ட கட்டுரைகளில் ஐந்தாறைத் திறந்து மேற்கோள் வந்திருக்கும் வாக்கியத்தைப் பாருங்கள். "முந்தைய ஆய்வுகள் பல உள்ளன" என்று ஒரே அடைப்புக்குறிக்குள் பன்னிரண்டு பெயரோடு ஒன்றாக நிற்கிறதா, அல்லது "இவருடைய முறையைப் பின்பற்றி எங்கள் தரவில் சோதித்தோம்" என்று இருக்கிறதா? ஒரு ஆளுக்கு அரை மணி நேரம் கூட ஆகாது, எந்த ஹெச்-இண்டெக்ஸும் சொல்லாததை அது சொல்லிவிடும்.

விண்ணப்பத்தில் எண் கேட்கிறார்கள், கொடுத்துத்தான் ஆகவேண்டும். எப்படிப் போடுவது?

எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதியில் பார்த்தது என்று எழுதுங்கள், சுயமேற்கோளை நீக்கிய எண்ணையும் பக்கத்தில் போடுங்கள். ஸ்காலர் எண்ணையும் ஸ்கோபஸ் எண்ணையும் கலந்து பெரியதாக இருப்பதை மட்டும் பொறுக்காதீர்கள், பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் கேட்டால், அதோடு உங்கள் கட்டுரைக்கே கிடைத்த மேற்கோளையும் தனியாக எழுதுங்கள். படிவத்தில் ஒரு வரி இடம் மிஞ்சினால், உங்கள் வேலையை எடுத்து உண்மையிலேயே பயன்படுத்திய ஒரு குழு எதைச் செய்தது என்று அந்த ஒரு வரியில் சொல்லுங்கள்.